ஹீரோக்களின் பிள்ளைகள் ஏன் மாற்று உலகத்தில் மட்டும் வளர்கிறார்கள்?

தாள்வாசம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. இந்த வாரம் ஸ்பைடர்-கேர்ள் பழைய இதழ்களை எடுத்து முதலிலிருந்து மறுபடி படித்தேன். படித்து முடித்ததிலிருந்து ஒரே கேள்வி மனதைக் குடைகிறது. இங்கே கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்பைடர்-மேன் பீட்டர் பார்க்கர், அவன் மனைவி மேரி ஜேன் இருவரின் மகள் மே பார்க்கர். அவள்தான் ஸ்பைடர்-கேர்ள். எல்லோரும் மேடே என்று கூப்பிடுவார்கள். 1998-இல், 'இப்படி நடந்திருந்தால்?' என்று மாற்று உலகக் கதைகள் சொல்லும் மார்வெலின் 'வாட் இஃப்' 105ஆம் இதழில், ஒரே ஒரு கதைக்காக டாம் டிஃபால்கோவும் ரான் ஃப்ரென்ஸும் உருவாக்கிய பெண். வாசகர்களுக்குப் பிடித்துப்போகவே தனித் தொடரானாள். நிறுத்தப் போகிறோம் என்று பல முறை அறிவித்தும் வாசகர்கள் விடவில்லை. தொடர் 100ஆம் இதழ் வரை வந்தது. அதன் பிறகு 'அமேசிங் ஸ்பைடர்-கேர்ள்' என்று இன்னும் 30 இதழ் வந்தது.

இதே குழந்தை மெயின் தொடரில், அதாவது வழக்கமான ஸ்பைடர்-மேன் கதையில், என்ன ஆனது? 1996-இல், பீட்டரின் க்ளோன்களை (நகல் மனிதர்களை) வைத்து நடந்த 'க்ளோன் சாகா' கதை முடியும் நேரத்தில், பிரசவத்தில் இறந்துவிட்டது என்று மேரி ஜேனிடம் சொல்லிவிட்டார்கள். குழந்தையை பீட்டரின் பரம எதிரி, க்ரீன் கோப்ளின் நார்மன் ஆஸ்போர்னின் ஆள் தூக்கிக்கொண்டு போனதாக ஒரு முடிச்சு போட்டு, அதை அவிழ்க்காமலே விட்டுவிட்டார்கள். பிறகு 'மே உயிரோடு இருக்கிறாள்' என்று ஒரு செய்தி வந்தபோது எல்லோரும் குழந்தையைத்தான் நினைத்தோம். வந்தவர் மே அத்தை. அத்தை மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, ஆனால் அந்தப் பக்கத்தைப் படித்தபோது வந்த ஏமாற்றம் இன்னும் போகவில்லை.

மாற்று உலகத்தில் காணாமல்போன குழந்தையை, பீட்டரின் க்ளோன்களில் ஒருவனான கெய்ன் கண்டுபிடித்துப் பெற்றோரிடம் ஒப்படைக்கிறான். வித்தியாசம் அவ்வளவுதான். அந்த ஒரு மாற்றத்திலிருந்து 130 இதழ்கள்.

ஒரு குழந்தை வீடு வந்து சேர்வதற்கு இன்னொரு உலகம் ஏன் தேவைப்படுகிறது? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

கோடும் கட்டமும் எழுதியது:

முதல் காரணம் ரொம்ப எளிது: மெயின் தொடரில் காலம் நகராது.

பீட்டர் 1962-இல் பள்ளி மாணவன். இத்தனை ஆண்டு கழித்தும் முப்பதைத் தாண்டாதவன் மாதிரிதான் நடமாடுகிறான். அவனுக்கு 15 வயதில் மகள் என்றால் அவன் நாற்பதை நெருங்க வேண்டும், முட்டி வலிக்க வேண்டும், ஒருநாள் ஓய்வு பெற வேண்டும். பதிப்பகம் விற்பது அப்பாவை. அப்பாவை ஓய்வுக்கு அனுப்ப யாருக்கு மனசு வரும்?

சூப்பர்மேன், பேட்மேன் கதைகளை வெளியிடும் டிசி இந்தச் சிக்கலை 1973-லேயே சந்தித்தது. 'வேர்ல்ட்ஸ் ஃபைனஸ்ட்' 215ஆம் இதழில் பாப் ஹேனி சூப்பர்மேன் ஜூனியர், பேட்மேன் ஜூனியர் என்று இரண்டு பையன்களைக் கொண்டுவந்தார். அப்பாக்களோடு ஓயாமல் சண்டை போடும் இளைஞர்கள். அம்மாக்களின் முகத்தை மட்டும் எந்தக் கட்டத்திலும் காட்டவே மாட்டார்கள். காட்டினால் சூப்பர்மேன் யாரைக் கல்யாணம் செய்தார் என்று முடிவாகிவிடும் அல்லவா? 1980-இல் அதெல்லாம் வெறும் கம்ப்யூட்டர் சிமுலேஷன் என்று சொல்லி மொத்தக் கணக்கையும் முடித்தார்கள்.

ஜான் பைர்ன் 1999-இல் 'ஜெனரேஷன்ஸ்' எழுதியபோது இதை நேர்மையாகக் கையாண்டார். கதை 1939-இல் தொடங்கி பத்துப் பத்து ஆண்டாகத் தாவும், எல்லோருக்கும் வயதாகும். சூப்பர்மேனின் மகன் ஜோயல் கருவில் இருந்தபோதே கோல்ட் க்ரிப்டோனைட்டால் சக்தியை இழந்தவன். தங்கை காராவுக்குச் சக்தி உண்டு. அந்த மனக்குறையை சூப்பர்மேனின் எதிரி லூதர் ஊதி ஊதிப் பெரிதாக்கி அவனைச் சொந்தக் குடும்பத்துக்கு எதிராகவே திருப்புகிறான். கடிகாரம் ஓடுகிற உலகத்தில்தான் இப்படி ஒரு கதை எழுத முடியும்.

---

இரவுப்பறவை எழுதியது:

தாள்வாசம் அண்ணா, நான் இதில் எதிர்க்கட்சி. எனக்கு இந்த வாரிசுக் கதைகள் மேல் எப்போதும் ஒரு நெருடல் உண்டு.

ஸ்பைடர்-மேன் முகமூடி முழு முகத்தையும் மறைக்கும். உள்ளே யார் வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதுதான் அதன் அழகு. 2011-இல் மைல்ஸ் மொராலெஸ் வந்தான். அவன் பீட்டருக்கு மகனும் இல்லை, உறவும் இல்லை. அந்த உலகத்தின் பீட்டர் இறந்துபோன பிறகு முகமூடியை எடுத்துப் போட்டுக்கொண்டான். அதுதான் உண்மையான வாரிசு. மகளுக்கு வந்தால்தான் கதை நிறைவாகும் என்றால், அது அரியணை மாதிரி ஆகிவிடுகிறது.

'பேட்மேன் பியாண்ட்' என்னை ரொம்ப வருத்திய உதாரணம். 1999-இல் டெர்ரி மெக்கின்னிஸ் யாரோ ஒரு பையன். கோபக்காரன், தப்பு செய்தவன், கிழவரான ப்ரூஸ் வெய்ன் வீட்டு வாசலுக்குத் தற்செயலாக வந்து சேர்ந்தவன். 2005-இல் 'ஜஸ்டிஸ் லீக் அன்லிமிடெட்' தொடரில் ஒரு அத்தியாயம் வைத்து, அவன் ரத்த உறவில் ப்ரூஸின் மகன்தான் என்றும், அரசாங்க அதிகாரி அமாண்டா வாலர் திட்டம் போட்டு உருவாக்கியவன் என்றும் காட்டினார்கள். அந்த அத்தியாயம் நன்றாக எழுதப்பட்டது, மறுக்கவில்லை. ஆனால் யாரோ ஒருவனால் முடியும் என்று நான் ஆறு வருடம் நம்பியது அன்றோடு போய்விட்டது.

---

நீலமை எழுதியது:

இரவுப்பறவை, உங்கள் வருத்தம் புரிகிறது. டெர்ரி விஷயத்தில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் மேடேவை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ரத்தத்தில் அவளுக்கு வந்தது சக்தி மட்டும்தான். அதுவும் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று வெளிப்படுகிறது. அப்பா யார் என்றே அதுவரை அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்த அப்பா போலீஸுக்குத் தடயவியல் வேலை பார்க்கிறவர், ஒரு கால் இல்லாதவர். நார்மன் ஆஸ்போர்னோடு நடந்த கடைசிச் சண்டையில் போன கால் அது. காலோடு சேர்த்து ஸ்பைடர்-மேனையும் அவர் விட்டுவிட்டார்.

அவள் முதன்முதலில் போட்டுக்கொள்ளும் உடை அப்பாவுடையது இல்லை என்பதையும் பாருங்கள். அது பென் ரெய்லியின் உடை. குடும்பத்தில் சித்தப்பா மாதிரி நினைக்கப்படும், செத்துப்போன ஒரு க்ளோனின் உடை. யாரும் அதை மடித்துக் கையில் கொடுத்து வாழ்த்தவில்லை. வீட்டில் இரண்டு பேருமே வேண்டாம் என்கிறார்கள், அப்பாதான் ரொம்ப எதிர்க்கிறார்.

கூடைப்பந்தும் அப்படித்தான். சுவரில் ஏறுகிறவள் மற்ற பெண்களோடு ஆடினால் நியாயம் இல்லை என்று டீமை விட்டு விலகுகிறாள். ரொம்பப் பிடித்த ஒன்றை, காரணத்தைக்கூட வெளியே சொல்ல முடியாமல் விடுகிறாள். அரியணை ஏறுகிறவள் இப்படி ஒன்றைக் கொடுத்துவிட்டு ஏறுவதில்லை.

---

தாள்வாசம் எழுதியது:

ஆமாம்! பென் ரெய்லி உடையை நான் மறந்தே போனேன். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவள் தீர்க்க வேண்டியிருந்தது அப்பாவின் பகையையும்தான். நார்மனின் பேரன் நார்மி தாத்தாவின் கோப்ளின் வேடத்தைப் போட்டுக்கொண்டு வருகிறான். அவனும் ஒரு வாரிசுதான். அவளுடைய முதல் எதிரி அவன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசியும் விட்டுக்கொடுத்தும் அவனை நண்பனாக்குகிறாள். அப்பா தலைமுறையால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத காரியம்.

---

மின்மினி எழுதியது:

நான் இதை வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறேன். நீளமாக எழுதுவதற்கு மன்னிக்கவும்.

பெரிய ஹீரோக்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள். பேட்மேனுக்குச் சிறுவயதிலேயே அம்மா, அப்பா கண் முன்னால் போனார்கள். சூப்பர்மேனுக்குக் கிரகமே போனது. பீட்டருக்குப் பெற்றோர் இல்லை, வளர்த்த பென் மாமாவும் போனார். பேட்மேனின் துணை ராபினான டிக் க்ரேசனுக்கு சர்க்கஸில் போனார்கள். சூப்பர்ஹீரோ கதை என்பதே அநாதைகளின் கதை. இறந்தவர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான் அவர்கள் ஓடுகிறார்கள். இறந்தவர்கள் பதில் பேச மாட்டார்கள். 'போதும்டா, வந்து தூங்கு' என்று ப்ரூஸிடம் சொல்ல தாமஸ் வெய்ன் ஒருநாளும் வரப்போவதில்லை.

மேடேவுக்கு அப்பா, அம்மா இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். ராத்திரி ஜன்னல் வழியாக அவள் உள்ளே வந்தால் அப்பா தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார். சண்டை போடலாம், பொய் சொல்லி மாட்டிக்கொள்ளலாம், மறுநாள் சமாதானம் ஆகலாம். அவள் எந்த வில்லனோடு மோதினாள் என்பது பாதிக்கு மேல் எனக்கு மறந்துவிட்டது. அந்த வீட்டுச் சண்டைகள் மறக்கவில்லை.

அதனால் தாள்வாசம், உங்கள் கேள்விக்கு என் பதில் இது. மெயின் தொடரின் அடித்தளமே பெற்றோர் இல்லாமை. பெற்றோர் உயிரோடு இருக்கும் ஹீரோவை அந்த அடித்தளம் தாங்காது. அவளுக்கு வேறு வீடு கட்ட வேண்டியிருக்கிறது.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான காட்சி ராபர்ட் கிர்க்மனின் 'இன்வின்சிபிள்'. அது தனி உலகம், 2003 முதல் 2018 வரை 144 இதழ்கள். மார்க்கின் அப்பா ஆம்னி-மேன், பூமியைத் தன் சாம்ராஜ்யத்துக்காகப் பலவீனப்படுத்த வந்தவர். மகன் கூட வரமாட்டேன் என்றதும் அவனை அடித்து நொறுக்குகிறார். அடித்துக்கொண்டே கேட்கிறார், 500 வருடம் கழித்து உனக்கு என்னதான் மிஞ்சியிருக்கும் என்று. ரத்தம் வழியும் வாயோடு அவன் சொல்கிறான், நீங்கள் இருப்பீர்கள் அப்பா என்று. அப்பாவின் கை நின்றுவிடுகிறது. அழுதுகொண்டே பறந்து பூமியை விட்டே போய்விடுகிறார். அப்பா உயிரோடு எதிரில் நிற்கிறார், அதனால்தான் இந்தப் பதிலை அவனால் சொல்ல முடிகிறது.

---

இரவுப்பறவை எழுதியது:

மின்மினி, இதைப் படித்துவிட்டு உடனே பதில் எழுத முடியவில்லை. என் வாதத்தில் பாதியை விட்டுக்கொடுக்கிறேன்.

மீதிப் பாதிக்கு ஒரு கேள்வி. பேட்மேனின் மகள், ஹண்ட்ரஸ் ஹெலனா வெய்ன்? மாற்று உலக வாரிசுகளில் மூத்தவர்களில் ஒருத்தி. அவள் தொடங்குவதே அம்மாவின் மரணத்தில்தானே?

---

பழைய பெட்டி எழுதியது:

ஹெலனா பெயரைப் பார்த்ததும் வந்துவிட்டேன். இந்த இழையை இரண்டு நாளாகச் சும்மா படித்துக்கொண்டுதான் இருந்தேன்.

1977-இல் பால் லெவிட்ஸும் ஜோ ஸ்டேட்டனும் ஹண்ட்ரஸைக் கொண்டுவந்தார்கள். டிசியின் மாற்று உலகமான எர்த்-டூவில் ப்ரூஸ் வெய்னும் (பேட்மேன்) செலினா கைலும் (கேட்வுமன்) கல்யாணம் செய்து, வயதாகி, வாழ்ந்தார்கள். ப்ரூஸ் போலீஸ் கமிஷனராகவும் இருந்தார். மகள் ஹெலனா வக்கீல். செலினாவின் பழைய கூட்டாளி ஒருவன் மிரட்டி அவரை மறுபடி குற்றத்துக்கு இழுக்கிறான், அதில் அவர் இறக்கிறார். அதன் பிறகுதான் மகள் முகமூடி போடுகிறாள். இரவுப்பறவை சொல்வது சரி, அவளும் பழைய விதிப்படிதான் பிறந்தாள். 1979-இல் அப்பாவும் போனார்.

ஆனால் அவளுக்கு உண்மையான கொடுமை நடந்தது 'க்ரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' கதையில், 1985-86-இல். உலகங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த பிறகு அவளும் எர்த்-டூ டிக் க்ரேசனும் தங்கள் உலகத்தைத் தேடுகிறார்கள். அது இல்லை. அழிந்துபோனது என்றால்கூட ஒரு சாம்பல் இருக்கும். இது முதலிலிருந்தே இருந்ததில்லை என்று ஆகிவிட்டது. அம்மா, அப்பா வாழ்ந்ததே இல்லை என்று ஒரு மகளிடம் சொல்லிவிட்டார்கள். கடைசி இதழில் இருவரும் இறக்கிறார்கள், உடல்கூடக் கிடைப்பதில்லை. 1989-இல் ஹண்ட்ரஸ் என்ற பெயரில் ஹெலனா பெர்ட்டினெல்லி என்று வேறொரு பெண் வந்தாள், மாஃபியா குடும்பத்து மகள். நல்ல பாத்திரம்தான். ஆனால் மேலங்கியை வேறு ஆளுக்கு மாட்டிவிட்டு அவளை அதே ஹெலனா என்று கூப்பிடச் சொன்ன மாதிரி இருந்தது எனக்கு.

லைட்டாவின் கதை இன்னும் விசித்திரம். எர்த்-டூ வொண்டர் வுமனுக்கும் ஸ்டீவ் ட்ரெவருக்கும் பிறந்தவள், ஃப்யூரி. ராய் தாமஸின் 'இன்ஃபினிட்டி இன்க்.' தொடர் 1984-இல் வந்தது, அதில் பழைய ஹீரோக்களின் பிள்ளைகள்தான் குழு. ஹாக்மேன் மகன் ஹெக்டர், க்ரீன் லான்டர்ன் ஆலன் ஸ்காட்டின் இரட்டையர் ஜேடும் ஆப்சிடியனும் அதில் இருந்தார்கள். க்ரைசிஸ் முடிந்து 1987-இல் வொண்டர் வுமன் முதலிலிருந்து தொடங்கப்பட்டார். இப்போதுதான் தீவிலிருந்து வந்த இளம்பெண்ணுக்கு வளர்ந்த மகள் எப்படி இருக்க முடியும்? லைட்டாவை நீக்கவில்லை, அம்மாவை மாற்றினார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஃப்யூரி என்று ஒரு பெண்ணைப் புதிதாக உருவாக்கி அவள் மகள் என்றார்கள். பிள்ளை இருக்க வேண்டும் என்பதற்காக அம்மாவைத் தயாரித்தார்கள். காமிக்ஸில் தவிர வேறெங்கும் இது நடக்காது.

அதோடு முடியவில்லை. அந்த லைட்டாதான் நீல் கெய்மனின் 'சான்ட்மேன்' கதைக்குள் போகிறாள். ஹெக்டரோடு அவளுக்குப் பிறந்த டேனியலை யாரோ கொன்றுவிட்டார்கள் என்று நம்பி, பழிதீர்க்கும் தேவதைகளை கதைநாயகன் மார்ஃபியஸ் மேல் ஏவுகிறாள். மார்ஃபியஸ் இறக்கிறார். அந்த இடத்துக்கு வருகிறவன் டேனியலேதான். கறுப்பு உடையில் இருந்த கனவுகளின் அரசன் 1995-இல் வெள்ளை உடைக்கு மாறுகிறான். வொண்டர் வுமனின் பேரனாக இருந்திருக்க வேண்டியவன்! அழிக்கப்பட்ட ஒரு குடும்ப வழி சத்தமில்லாமல் நடந்து இன்னொரு மகத்தான கதையின் உச்சியில் போய் உட்கார்ந்திருக்கிறது. இதை யோசிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

---

கோடும் கட்டமும் எழுதியது:

லைட்டாவையும் டேனியலையும் நான் இப்படிச் சேர்த்துப் பார்த்ததே இல்லை. நன்றி பழைய பெட்டி.

வழிதவறிய பிள்ளைகளையும் யாராவது பட்டியலில் சேர்க்க வேண்டும், நான் சேர்த்துவிடுகிறேன். 'கிங்டம் கம்' (1996) கதையில் பேட்மேனுக்கும் தாலியாவுக்கும் பிறந்த மகன் லூதர் பக்கம் உட்கார்ந்திருக்கிறான். 'ஓல்ட் மேன் லோகன்' கதையில் ஹாக்ஐயின் மகள் ஆஷ்லி, பீட்டர் பார்க்கரின் பேத்தி, சிறையிலிருந்து அப்பா காப்பாற்றிய கையோடு குற்றக்கும்பல் தலைவன் கிங்பின்னைக் கொன்று அவன் இடத்தில் தானே அமர்கிறாள். 'ஜூபிடர்ஸ் லெகசி'யில் மகனே அப்பாவைக் கொல்கிறான். மூன்றும் மார்க் மில்லர் எழுதியவையா என்று நினைக்காதீர்கள், கடைசி இரண்டுதான் அவர்.

இந்த வகை எனக்கு அவ்வளவாக ஒட்டாது. பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற பயத்தை மட்டும் வைத்து எழுதியவை. அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு பக்கம்கூடக் கிடைப்பதில்லை.

---

மின்மினி எழுதியது:

சொல்ல இடம் கிடைத்த பிள்ளை ஒருவன் இருக்கிறான், ஜாக் நைட். மாற்று உலகம் இல்லை, டிசி மெயின்தான். இருந்தாலும் இந்த இழையில் அவன் இல்லாவிட்டால் குறை.

ஜேம்ஸ் ராபின்சன், டோனி ஹாரிஸ், 'ஸ்டார்மேன்', 1994 முதல் 2001 வரை. அப்பா டெட் நைட் 1940களின் ஸ்டார்மேன், விஞ்ஞானி, வயதானவர். பட்டத்தை ஆசையோடு ஏற்றுக்கொண்டவன் மூத்த மகன் டேவிட். முதல் இதழிலேயே அவனைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். இளையவன் ஜாக் பழைய பொருட்கள் விற்கிற கடை வைத்திருப்பவன். அப்பாவின் ஸ்டார்மேன் வேலை மேல் அவனுக்கு மரியாதை கிடையாது, அதைச் சொல்லி அப்பாவோடு சண்டையும் போட்டிருக்கிறான்.

வேறு வழியில்லாமல் அப்பாவின் ஆயுதமான அந்தக் கோலை எடுக்கிறான். சண்டை முடிந்ததும் அப்பாவிடம் நேராகச் சொல்கிறான்: ஊரை நான் காப்பாற்றுகிறேன், ஆனால் ஒரு நிபந்தனை. இந்தக் கோலில் இருக்கும் நட்சத்திர சக்தியை நீங்கள் ஆயுதமாக மட்டும் வைத்திருக்கக் கூடாது. உலகத்துக்கு மின்சாரமாக, எரிபொருளாகப் பயன்படும்படி செய்யும் ஆராய்ச்சியில் இறங்க வேண்டும். அப்பா ஒத்துக்கொள்கிறார்.

உடை விஷயத்திலும் அப்படித்தான். இறுக்கமான ஹீரோ உடை வேண்டாம் என்கிறான். தோல் ஜாக்கெட், காற்றுக்குக் கண்ணாடி, நெஞ்சில் ஷெரீஃப் நட்சத்திரம் மாதிரி ஒரு சின்ன பேட்ஜ். இதுதான் ஸ்டார்மேன். பறக்கும்போது குளிரும், கண்ணில் தூசி விழும் என்று யோசித்து எடுத்துக்கொண்டவை.

அதுவரை நான் படித்த கதைகளில் பிள்ளைகள் ஒன்று வாங்கிக்கொள்வார்கள், இல்லை மறுப்பார்கள். ஜாக் பேரம் பேசினான். அவன் பேரத்தால் அப்பாவும் மாறினார். அதற்குள் அவர்கள் உறவு மாறியதை இதழ் இதழாகப் பார்க்கலாம். செத்த அண்ணன் டேவிட்டோடு வருடத்துக்கு ஒருமுறை ஜாக் உட்கார்ந்து பேசும் இதழ்கள் வேறு இருக்கின்றன. அண்ணன் தம்பி சண்டை செத்த பிறகுதான் தீர்ந்தது என்பதை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கும்.

---

இரவுப்பறவை எழுதியது:

பேரம் என்றதும் அதற்கு நேர் எதிரான ஒருவர் நினைவுக்கு வருகிறார். பேன்டம்.

லீ ஃபாக் 1936-இல் தொடங்கிய செய்தித்தாள் தொடர். 1536-இல் கடற்கொள்ளையர் கையில் அப்பாவை இழந்த ஒருவன், கொன்றவனின் மண்டையோட்டின் மேல் சத்தியம் செய்கிறான். கொள்ளையையும் கொடுமையையும் அநீதியையும் எதிர்த்து என் வாழ்க்கையைக் கொடுப்பேன், என் மகன்களும் அவர்கள் மகன்களும் என் வழியில் வருவார்கள் என்று. இப்போது இருப்பவர் 21ஆவது. வெளியே பார்ப்பவர்களுக்கு ஒரே ஆள், சாகாதவர். உள்ளே குகையில் வரிசையாகக் கல்லறைகள்.

சின்ன வயதில் அந்தச் சத்தியத்தைப் படித்தால் உடம்பு புல்லரிக்கும். இப்போது படித்தால் இன்னும் பிறக்காத 20 பேர் சார்பில் ஒருவன் கையெழுத்துப் போட்டதாகத் தெரிகிறது. 21ஆவது பேன்டமுக்கு 1979-இல் இரட்டைக் குழந்தைகள் பிறந்தார்கள், கிட்டும் ஹெலோயிஸும். மகன் என்று ஒருவனும் மகள் என்று ஒருத்தியும் சேர்ந்து பிறந்ததுமே அந்தப் பழைய சத்தியத்தின் சொற்கள் போதாமல் போகின்றன. எனக்கு அந்த இரட்டையரைப் பிடிப்பதற்குக் காரணம் அதுதான்.

---

நீலமை எழுதியது:

எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது, இங்கே கொட்டிவிடுகிறேன். ஜான் கென்ட்.

சூப்பர்மேன் கிளார்க், லோயிஸ் இருவரின் மகன் 2015-இல் வந்தான். 2016 முதல் பீட்டர் டோமாசி, பேட்ரிக் க்ளீசன் எழுதிய 'சூப்பர்மேன்' இதழ்களில் அவனுக்குப் பத்து வயது. மின்மினி சொன்னதற்கு விதிவிலக்கு: மெயின் தொடரிலேயே பெற்றோர் இருவரும் உயிரோடு இருக்கும் ஹீரோப் பையன். முதல் இதழிலேயே ஒரு பருந்து அவனுடைய பூனையைத் தூக்கிக்கொண்டு போகிறது. பதறிப்போய்ப் பார்க்கிறான், கண்ணிலிருந்து நெருப்பு வருகிறது, பருந்தோடு பூனையும் எரிந்துவிடுகிறது. அப்பாவைப் போல ஆக வேண்டும் என்று ஆசைப்பட்ட பையன் தன் கண்ணுக்கே பயப்படுகிறான். இதை விடத் துல்லியமாக யாரும் இந்த விஷயத்தை வரைந்ததில்லை. பேட்மேனின் மகன் டேமியனோடு அவன் சேர்ந்த 'சூப்பர் சன்ஸ்' இன்னொரு பக்கம் வந்துகொண்டிருந்தது. 1980-இல் சிமுலேஷன் என்று சொல்லி மூடிய கதவு திறந்த மாதிரி இருந்தது.

பிறகு எழுத்தாளர் பென்டிஸ் காலத்தில் தாத்தா ஜோர்-எல்லோடு விண்வெளிக்குப் போனான், வேறொரு பூமியில் சூப்பர்மேனின் கெட்ட பிரதியான அல்ட்ராமேனிடம் வருடக்கணக்கில் சிறைப்பட்டான், திரும்பி வந்தபோது 17 வயது. பெற்றோருக்குச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

2021-இல் 'சன் ஆஃப் கால்-எல்' தொடரில் அவனே சூப்பர்மேன் ஆனான். டாம் டெய்லர் எழுதியது எனக்குப் பிடித்தும் இருந்தது. ஆனால் நடுவில் அந்த ஏழு வருடம் எங்கே? முதல் முறை பறக்கக் கற்றுக்கொள்வது, அப்பாவிடம் பொய் சொல்வது, குரல் உடைவது என்று வரவேண்டியதெல்லாம் அதற்குள்தானே இருந்தது? வாரிசுக் கதையில் வளர்வதுதான் கதை. அதை எடுத்துவிட்டுப் பட்டத்தை மட்டும் கொடுத்தார்கள். லோயிஸ் இழந்ததை நினைத்துத்தான் எனக்கு அதிகம் வலித்தது.

---

பழைய பெட்டி எழுதியது:

நீலமை, இதில் முழுக்க உங்களோடு இருக்கிறேன்.

எனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்பைடர்-கேர்ள் வந்த காலத்தில் நான் மேடே பக்கம் இருந்து படித்தேன். அப்பா ஏன் இவளைத் தடுக்கிறார் என்று கோபப்படுவேன். இப்போது எனக்கே வளர்ந்த மகள் இருக்கிறாள். போன மாதம் அதே இதழ்களை எடுத்தால் என் கண் பீட்டரை விட்டு நகரவில்லை. மகள் வெளியே போன பிறகு அவர் செய்ய ஒன்றுமில்லை. காத்திருப்பது மட்டும்தான். அந்தக் கட்டங்களை அன்று நான் தாவிப் படித்திருக்கிறேன்.

2024-இல் ஹிக்மன், செக்கெட்டோ தொடங்கிய புதிய 'அல்டிமேட் ஸ்பைடர்-மேன்' இதைத் தலைகீழாகப் போட்டது. அங்கே பீட்டருக்குச் சக்தி வருவதே கல்யாணமாகி, ரிச்சர்ட், மே என்று இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகுதான். பிள்ளைகள் அப்பாவைப் பார்த்து வளர்வதும் அப்பா முகமூடிக்குப் பழகுவதும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. பென் மாமாவும் உயிரோடு இருக்கிறார். மின்மினி, உங்கள் அநாதைக் கணக்கை அந்தத் தொடர் முதல் பக்கத்திலிருந்தே மாற்றிப் போட்டிருக்கிறது.

---

தாள்வாசம் எழுதியது:

மின்மினியின் கணக்கை வைத்துப் பார்த்ததும் என்னை இத்தனை நாள் உறுத்திய ஒன்றுக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

2014-இல் 'ஸ்பைடர்-வெர்ஸ்' வந்தது. எல்லா உலகத்து ஸ்பைடர்களையும் வேட்டையாடும் ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்துக்கு வைத்த பெயரே இன்ஹெரிட்டர்ஸ், அதாவது வாரிசுகள். அவர்களில் ஒருவன் டீமாஸ், மேடேவின் வீட்டுக்கே வருகிறான். பீட்டர் ஒற்றைக் காலோடு அவனைத் தடுத்து நிற்கிறார், கொல்லப்படுகிறார். தம்பி பென்ஜியைத் தூக்கிக்கொண்டு மேடே தப்பிக்கிறாள். கதை முடியும்போது அப்பாவின் உடையைப் போட்டுக்கொண்டு ஸ்பைடர்-வுமன் என்ற பெயரோடு நிற்கிறாள்.

அன்று எல்லோரும் அழகான முடிவு என்றார்கள். எனக்கு ஒட்டவில்லை, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. சித்தப்பாவின் உடையில், அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டே 130 இதழ் வளர்ந்தவளை அன்று அப்பா இல்லாதவளாக்கினார்கள். அதன் பிறகுதான் அவளுக்கு அப்பாவின் உடை கிடைத்தது. மற்ற எல்லா ஹீரோக்களும் நிற்கும் வரிசையில் அவளையும் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள்.

---

வெள்ளைத்தாள் எழுதியது:

இங்கே புதிது. இழை முழுவதும் படித்தேன். இதில் பாதிப் பெயர்கள் எனக்கு இதுவரை தெரியாது. என் மகளுக்கு 12 வயது, சூப்பர்ஹீரோ படங்கள் பார்ப்பாள், காமிக்ஸ் படித்ததில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

---

கோடும் கட்டமும் எழுதியது:

யோசிக்கவே வேண்டாம், 'வாட் இஃப்' 105. ஒரே இதழ், முழுக்கதை. பிடித்தால் ஸ்பைடர்-கேர்ள் முதல் இதழ். முன்கதை எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அப்புறம் 'சூப்பர் சன்ஸ்'. 'க்ரைசிஸ்', 'ஓல்ட் மேன் லோகன்' பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். ஸ்டார்மேனை அவளுக்குப் பதினாறு, பதினேழு ஆனதும் கொடுங்கள்.

---

வெள்ளைத்தாள் எழுதியது:

ரொம்ப நன்றி. 105-ஐத் தேடத் தொடங்கிவிட்டேன். ஒரே ஒரு உதவி: என் மகள் கூடைப்பந்து ஆடுகிறவள். மேடே டீமை விட்டு விலகுகிற இதழ் எது என்று மட்டும் யாராவது முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அதை அவள் கையில் எடுக்கும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே படிக்கிறேன்.